ஏட்டுச் சுரைக்காய் பேக்கப்

"பேக்கப் எல்லாம் இருக்கு சார், கவலைப்படாதீங்க."

ஓய்வு பெற்ற பிறகும் இந்த வாக்கியம் என்னை விடுவதாக இல்லை. வங்கியில் சொல்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் சொல்கிறார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் சொல்கிறார்கள். கல்யாண போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். வீட்டில் பேரனும் அதையே சொல்கிறான். இவர்களெல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தினமும் ராத்திரி ஏதோ ஒரு பிரதி எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால், "சரி தம்பி, அதுலேருந்து கடைசியா எப்ப, எந்த ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். ரிஜிஸ்டரில் தேதி போட்டு, டிக் அடித்து, கையெழுத்தும் வைத்திருப்பார்கள். ஆபத்து வரும் அன்று சட்டியில் போட ஒன்றும் இருக்காது.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று கேட்டால், வேலையில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல் நான் டேப் போட்டு எடுத்தவன். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ராத்திரி எல்லோரும் போன பிறகு சர்வர் டிஸ்க்கில் உள்ளதை மேக்னடிக் டேப்பில் பிரதி எடுத்து, லேபிள் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுவது என் பொறுப்பு. இன்றைக்கு அந்த வேலையைக் கேலி செய்கிறார்கள். "இன்னுமா சார் டேப்பு?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டேப்பை விட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. டேப்போடு சேர்த்து, அது கற்றுக்கொடுத்த பழக்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டார்களே என்பதுதான் கோபம்.

இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூன் மாதம் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய் செலவில் நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல திட்டம், நானும் வரவேற்கிறேன். ஆனால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். நம் பயிர்க்கடன், நகைக்கடன், உரக் கணக்கு எல்லாம் இனி ஒரு டிஸ்க்கில் இருக்கிற எழுத்துதான். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவில் 5 சவரன் வரை உள்ள நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தீர்மானித்தது எது? பதிவுதான். நகை நம்முடையதுதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பதிவு. அந்தப் பதிவு போய்விட்டால் நாம் வாய்வார்த்தையாக என்ன சொன்னாலும் எடுபடாது. பட்டாவும் சிட்டாவும் இதே நிலையில்தான் இருக்கின்றன.

டேப் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாட்டு கேட்ட கேசட்டின் தம்பிதான் அது. நான் கையாண்ட டிடிஎஸ்-3 கார்ட்ரிட்ஜ் சீட்டுக்கட்டை விடச் சின்னதாக இருக்கும். 4 மில்லிமீட்டர் அகல நாடா. அதில் 12 ஜிபி கொள்ளும். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

பிரதி எடுக்க யுனிக்ஸில் ஒரு கட்டளை உண்டு. பெயர் டம்ப். 1975-ல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே அது இருந்தது. படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. டம்ப் என்று அடித்து, எந்த அளவுக்குப் பிரதி வேண்டும் என்று ஓர் எண் கொடுத்து, எந்த டேப்பில் எழுத வேண்டும், எந்த ஃபைல்சிஸ்டத்தை எழுத வேண்டும் என்று சொல்லி என்டர் தட்ட வேண்டியதுதான்.

ஃபைல்சிஸ்டம் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு விளக்கம். பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடங்கல், சிட்டா, புலப்படம் எல்லாம் அதில் இருக்கும். எது எந்தக் கட்டில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது மாறியது என்ற விவரமும் இருக்கும். காகிதங்களும் அந்த விவரங்களும் சேர்ந்த முழுப் பெட்டிதான் ஃபைல்சிஸ்டம். டார் என்று இன்னொரு கட்டளை 1979-ல் வந்தது. அது ஒவ்வொரு காகிதமாகப் பெயர் பார்த்துக் கட்டும். டம்ப் அப்படிச் செய்யாது. பெட்டியின் உள் அட்டவணையையே படித்து, அந்த வரிசையிலேயே பெட்டியைப் பிரதி எடுக்கும்.

எண் பூஜ்யம் என்றால் முழுப் பிரதி. 1 முதல் 9 வரை ஏதாவது கொடுத்தால், அதைவிடக் குறைந்த எண்ணில் கடைசியாக எடுத்த பிரதிக்குப் பிறகு மாறியவை மட்டும் டேப்பில் ஏறும். ஞாயிறு ராத்திரி பூஜ்யம், வார நாட்களில் மற்ற எண்கள் என்று முறை வைத்துக்கொள்வோம். எந்தத் தேதியில் எந்த அளவுக்கு எடுத்தோம் என்பதை அதுவே ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயம். டம்ப் தனியாக வரவில்லை. அதன் ஜோடி ரெஸ்டோர் என்ற கட்டளை. டேப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட அதில் ஓர் எழுத்து. வேண்டிய கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்க ஓர் எழுத்து. முழுப் பெட்டியையும் புதிய டிஸ்க்கில் நிரப்ப ஓர் எழுத்து. டேப்பில் இருப்பதையும் டிஸ்க்கில் இருப்பதையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் சொல்ல ஓர் எழுத்து. போடுவதற்கு ஒரே ஒரு வேலை, எடுப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் இத்தனை வழி. எழுதியவர்கள் எதற்கு அதிகம் கவலைப்பட்டார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பில் டம்ப் கட்டளையைக் கைவிட்டது. ஆனால் ரெஸ்டோரை மட்டும் கைவிடவில்லை. உலகத்தில் இன்னும் பழைய டேப்புகள் இருக்கின்றன, யாராவது ஒருவர் அவற்றைத் திறந்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் அலுவலகங்களில் நடப்பதோ நேர் எதிர். போடத் தெரிந்தவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், எடுக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கிறது.

எடுத்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒரு கதை உண்டு. இடமும் பெயரும் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் டிஸ்க் பழுதாகிவிட்டது, டேப்பிலிருந்து எடுத்துத் தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பீரோ நிறைய டேப்புகள். ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் தேதி. ரிஜிஸ்டரும் பக்காவாக இருந்தது, இரண்டு வருடமாக ஒரு நாள் கூட விடுபடவில்லை. அந்த சர்வரில் மூன்று ஃபைல்சிஸ்டங்கள். முதலில் சிஸ்டம், அடுத்தது கணக்கு, மூன்றாவது ஊழியர்களின் சொந்தக் கோப்புகள். மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக அதே டேப்பில் டம்ப் எடுக்கும்படி யாரோ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள்.

டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு பெயரில் கூப்பிட்டால், எழுதி முடித்ததும் நாடாவை ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். அதற்கு முன்னால் ஓர் 'என்' எழுத்தைச் சேர்த்துக் கூப்பிட்டால், சுற்றாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். அந்த ஸ்கிரிப்டில் அந்த ஒரு எழுத்து இல்லை. கேசட்டில் ஒரு பாட்டைப் பதிந்து, ரீவைண்டு செய்து, அதன் மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. முதல் பிரதியின் மேல் இரண்டாவது, இரண்டாவதன் மேல் மூன்றாவது. இரண்டு வருட டேப்புகளிலும் மிஞ்சியது கடைசி ஃபைல்சிஸ்டம் மட்டும். கணக்கு எதிலும் இல்லை. டேப் டேப்பாகப் போட்டுப் பார்த்தோம். ஊழியர்கள் வைத்திருந்த பொங்கல் வாழ்த்துக் கோப்பு கூட வந்தது, பேரேடு வரவில்லை.

இதில் டம்ப் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு பிரதி முடிந்ததும் 'டம்ப் இஸ் டன்' என்று சொன்னது. அது உண்மைதான், முடிந்துதான் இருந்தது. ரெஸ்டோர் கட்டளையைப் பட்டியல் போடும் எழுத்தோடு ஒரே ஒரு முறை ஓட்டியிருந்தால், முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை. ஏனென்றால் மேலே இருப்பவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது ரிஜிஸ்டரை. ரிஜிஸ்டரை ஒழுங்காகக் காட்டினார்கள்.

அந்த அலுவலகம் எப்படித் தப்பியது தெரியுமா? காகிதத்தால். வவுச்சர் கட்டுகள் மாடியில் இருந்தன. இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அடித்தார்கள். அதனால்தான் இன்றைக்கு எனக்குப் பயம் அதிகம். அன்று கம்ப்யூட்டர் தவறினால் காகிதம் இருந்தது. இன்று காகிதமே எழுதுவதில்லை. வவுச்சரே கம்ப்யூட்டருக்குள்தான் பிறக்கிறது. இடறி விழுந்தால் பிடிக்கக் கீழே வலை இல்லை.

"இதெல்லாம் பழங்கதை, இப்ப யார் இப்படித் தப்பு பண்றாங்க?" என்பார்கள். 1998-ல் பிக்சார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழிந்துகொண்டே போயின. பேக்கப்பைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். நெருக்கடியில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதியிலிருந்து மீண்டார்கள், இடைப்பட்டவை போயின. கம்ப்யூட்டரையே தொழிலாகக் கொண்டவர்களின் கதி இது.

இவர்களை நான் குறை சொல்லவில்லை. நடந்ததை ஒளிக்காமல் வெளியே சொன்னார்கள், அதனால்தான் எனக்கும் தெரிந்தது. நம் பக்கத்தில் எத்தனை அலுவலகங்களில் என்னென்ன போயிற்று என்பது வெளியே வருமா?

இனி நம் ஊருக்கு வருகிறேன். பேக்கப் என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள், நம் அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடிக்கு ஒரு முறை போய் வாருங்கள். நந்தி கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். அடுத்த முறை சுவரையும் பாருங்கள். அங்கே ஒரு கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1013-ல், பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பிரிப்பதற்கு முன்னால், சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளும்படியும் சொன்னான். புதுக் கோயில் எழுந்தது. அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், சுமார் 1026-ல், அந்த ஏட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கல்லில் வெட்டினார்கள்.

முதலில் பிரதி, பிறகுதான் கடப்பாரை. பிரதியும் வேறு பொருளில், கல்லிலிருந்து ஏட்டுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்ப எடுத்து உரிய இடத்தில் வைத்தார்கள். என் கணக்கில் இது பூஜ்ய அளவு டம்ப்பும் முழு ரெஸ்டோரும்தான். நடுவில் சுமார் 13 வருடங்கள், உத்தரவிட்ட அரசனும் இல்லை. இருந்தும் யாரோ அந்த ஏட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். "ஏட்டில் எல்லாம் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓலை ஆயிரம் வருடம் தாங்குமா? முந்தைய அரசர்கள் காலத்தில் யார் நிலம் கொடுத்தார், யார் விளக்குக்குப் பொன் கொடுத்தார் என்று இன்று நாம் படிக்க முடிகிறது என்றால், அது படியெடுத்ததால் மட்டும் அல்ல, திரும்ப வெட்டியதால்.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் நான் வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையே பாருங்கள். 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கல் வேண்டும் என்று இந்தக் கோயிலின் மதிலைப் பிரித்து எடுத்துப் போனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கையும் காப்பாற்றவில்லை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசு கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கத் தொடங்கியது 1880-களின் பின்பாதியில். மதில் போய் அரை நூற்றாண்டு கழித்து! அந்தக் கற்களில் எழுத்து இருந்ததா, இருந்தால் எந்த தானம், எந்த ஊர், யார் பெயர் என்பதை இனி எந்த விஞ்ஞானத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அணையால் வயலுக்குத் தண்ணீர் வந்தது, மறுக்கவில்லை. கல்லை எடுக்கும் முன் ஒரு தாளை ஒற்றி எடுத்திருந்தால் அணை என்ன கெட்டுப்போயிருக்குமா?

திருமழபாடியில் நடந்தது 1013. கீழணைக்கு மதில் பிரித்தது 1836. எண்ணூறு வருடம் கழித்து வந்தவர்களுக்கு முன்னவர்களின் புத்தி இல்லை. காலம் போகப் போக மனிதன் தானாகப் புத்திசாலியாகிவிடுவான் என்ற நம்பிக்கை எனக்கு அதனால்தான் கிடையாது. "இப்பல்லாம் கிளவுட் சார்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஆறுதல் வராததற்கும் அதுவே காரணம்.

அந்தக் கிளவுடைப் பற்றியும் பேசிவிடுவோம். கிளவுட் என்றால் மேகத்தில் எதுவும் இல்லை, வேறு ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான். அதில் வைப்பது தப்பில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நம் போனில் நடப்பது பெரும்பாலும் பேக்கப் இல்லை, ஒத்திசைவு. இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும். சரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதைச் சொல்ல மாட்டார்கள். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படத்தை அழித்தால், 60 நாள் குப்பைக்கூடையில் இருந்துவிட்டுப் போய்விடும். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பதும் அவர்கள் விதி. கணவர் போன பிறகு அவருடைய போனை அலமாரியில் வைத்துவிட்டு, படமெல்லாம் 'மேலே' பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்?

அலுவலகங்களில் இன்னொரு பதில் உண்டு. "ரெண்டு டிஸ்க் ஜோடியா ஓடுது, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு." நல்லது. டிஸ்க் பழுதானால் அது உதவும். ஆனால் ஒருவர் கை தவறி அழித்தால், அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கூடவே ஓடுகிற எதுவும் கூடவே விழும்.

டேப்பின் பெருமையே அது கூட ஓடாது என்பதுதான். எழுதி முடித்ததும் வெளியே எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறோம். வயர் இல்லாத பொருளை எந்த வைரஸ் தொடும்? 2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயிலில் ஒரு மென்பொருள் கோளாறால், 0.02 சதவீதம் பேருடைய கடிதங்கள் காணாமல் போயின. பல ஊர்களில் பல பிரதிகள் வைத்திருந்தும் அந்தக் கோளாறு எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கூகுள் அவற்றை எதிலிருந்து மீட்டது? டேப்பிலிருந்து. "இன்னுமா சார் டேப்பு?" என்று சிரிக்கும் தம்பிகளுக்கு இதைச் சொல்லுங்கள். 2021-ல் வந்த எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். என் பழைய கார்ட்ரிட்ஜைப் போல 1,500 மடங்கு. செத்துப்போன பொருளை யாரும் இப்படி வளர்ப்பதில்லை.

நம் நாட்டிலேயே 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைச் சைபர் தாக்குதல் முடக்கியது. சுமார் இரண்டு வாரம் நோயாளிகளைக் கையால் எழுதித்தான் பதிவு செய்தார்கள். பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தகவல்களை மீட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஒன்று தப்பியதால் பிழைத்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் போயிற்று. அளவு ரொம்பப் பெரிது என்பதால் வெளியே பிரதி வைக்கவில்லையாம். தொழில்நுட்பத்தில் நமக்குப் பாடம் எடுக்கும் நாடு. என் கணக்குப்படி அது எல்டிஓ-9 டேப் ஐம்பதுக்குள் அடங்கும், ஓர் இரும்பு பீரோவுக்குக் கூடக் காணாது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டேப் டிரைவின் விலை நம் ஊர்ச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. டேப்பில் ஒரு கோப்பைத் தேட நாடா முழுக்கச் சுற்ற வேண்டும். டம்ப் கட்டளைக்கும் குறை உண்டு. ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது டிஸ்க்கை நேரடியாகப் படித்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரலாம். 2001-லேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை நம்ப வேண்டாம் என்று கறாராகச் சொன்னார். அதனால்தான் நாங்கள் ராத்திரி எல்லோரையும் வெளியேற்றிவிட்டு எடுத்தோம். ஆகவே எல்லோரும் டேப் வாங்குங்கள் என்பது என் வாதம் அல்ல. பொருள் எதுவாகவும் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு ஊரில் என்று ஒரு விதி சொல்வார்கள். அதோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: திரும்ப எடுத்துப் பார்த்த தேதி.

தணிக்கைக்கு வருகிறவர்கள் மேல்தான் எனக்குப் பெரிய வருத்தம். நான் பார்த்த படிவங்களில் எல்லாம் "பேக்கப் எடுக்கப்படுகிறதா? ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கேள்வியை அடித்துவிட வேண்டும். யாராவது "இல்லை" என்று எழுதுவார்களா? அதற்குப் பதில், தணிக்கையாளர் தன் கையால் போன வருடத்து ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதியின் ரொக்கக் கணக்கைப் பேக்கப்பிலிருந்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில், தன் கண் முன்னே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் ஆயிற்று, வந்ததா வரவில்லையா என்று எழுத வேண்டும். வராவிட்டால், ரொக்கம் குறைந்தால் எப்படி எழுதுவார்களோ அதே காட்டத்தோடு எழுத வேண்டும். பெட்டியில் பணம் இல்லை என்றால் சஸ்பெண்ட். பணத்தின் கணக்கே இல்லை என்றால் மட்டும் "டெக்னிகல் பிராப்ளம்" என்பது எந்த ஊர் நியாயம்?

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்துக்குப் போனால் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் கணக்கின் பிரதி இந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்கே இருக்கிறது? கடைசியாக அதிலிருந்து எந்தத் தேதியில் எதை எடுத்துப் பார்த்தீர்கள்? எடுக்கத் தெரிந்தவர் யார், அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் யார்? நீங்கள் உறுப்பினர், கேட்க உரிமை இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாது என்று தயங்க வேண்டாம். இந்த மூன்று கேள்விக்கும் கம்ப்யூட்டர் அறிவு தேவையே இல்லை.

வீட்டுக்கு ஒரு வேலை. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, பத்திரங்கள், குடும்பப் படங்கள், கணக்குகளை இரண்டிலும் போடுங்கள். ஒன்றை வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜை அன்று வைத்துக்கொள்ளுங்களேன், புத்தகத்தோடு டிஸ்க்கையும் பூஜையில் வையுங்கள். மறுநாள் விஜயதசமிக்குப் புத்தகத்தைப் பிரித்துப் படிப்பது போல டிஸ்க்கையும் செருகி, பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவன் "எல்லாம் இருக்கு தாத்தா" என்பான்.

"இருக்கட்டும்டா கண்ணு, திறந்து காட்டு" என்று சொல்லுங்கள்.